புதுப் புல் தரைக்கு முதல் நாற்பது நாள்

(வானொலிப் பண்ணை உரை)

வேளாண்மை விரிவாக்க அலுவலர், மயிலாடுதுறை

நம் பகுதி விவசாயிகளுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வானொலி கேட்டே பலரும் நட்டார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அப்படி நெல்லைப் பற்றியே பேசிப் பழகிய இந்த இடத்தில் இன்றைக்குப் புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன சார், வரப்பிலே வெட்டித் தள்ளுற புல்லுக்கு ஒரு பேச்சா?" என்று சிரிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

போன ஆடி மாதக் கடைசியில் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். செம்பனார்கோயில் பக்கம். நாற்பது வருடமாகக் குறுவை, சம்பா, தாளடி எல்லாம் பார்த்தவர். கையில் செய்தித்தாள் பொட்டலம். நெல்லில் நோய் என்றால் இப்படித்தான் கொண்டு வருவார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் அளவு புல் பத்தை. மேலே மஞ்சள், அடியிலே கறுப்பு. மோந்து பார்த்தால் சாக்கடை வாடை.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பிப் புது வீடு கட்டியிருக்கிறார்கள். வீட்டு முன்னால் இரண்டு குழி இடத்தில் புல் தரை வேண்டும், பொங்கலுக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். நர்சரியிலிருந்து ஆள் வந்து பத்தையைப் பரப்பினார்கள், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் எல்லாம் மஞ்சள்.

"நாப்பது வருஷம் நாத்து நட்ட கை சார் இது. வீட்டு வாசல்லே புல்லு செத்துப் போச்சுன்னா ஊரு சிரிக்காதா?" என்றார்.

என்ன செய்தீர்கள் ஐயா என்று கேட்டேன். சுற்றிலும் வரப்புக் கட்டி, மோட்டாரைப் போட்டு, இரண்டு அங்குலத் தண்ணீர் எந்நேரமும் நிற்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாள் இரண்டு கிலோ யூரியா வீசியிருக்கிறார். மஞ்சள் கண்டதும் பூச்சி என்று நினைத்து, நெல்லுக்குப் போடும் குருணை மருந்தை வாங்கி வைத்திருக்கிறார். "நாளைக்கு காலையிலே போட்டுடறேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொங்கலுக்குக் குழந்தை வருதுன்னு சொன்னீங்களே, அது எங்கே தவழும்?" என்று கேட்டேன். பெரியவர் பேசவில்லை.

அவர் சோம்பேறித்தனத்தால் புல்லைக் கெடுக்கவில்லை. நெல்லுக்கு எது சரியோ அதையெல்லாம் மனமாரச் செய்தார். அதனால்தான் கெட்டது. இப்போது நம் மாவட்டத்தில் புது வீடுகள் பல வந்துவிட்டன. பள்ளிக்கூடத்திலும் திருமண மண்டபத்திலும் கூடப் புல் பதிக்கிறார்கள். ஆகவே, முதன்முறையாகப் புல் பதிப்பவர்கள் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாற்றுக்கு ஒப்பு, நெல்லுக்கு வேறு

நெல்லும் புல் குடும்பம்தான். தரையில் பதிக்கும் புல்லும் அதே குடும்பம்தான். நர்சரிக்காரர்கள் 'கார்பெட்' என்று சொல்லும் புல் பத்தை என்பது, நிலத்தில் வளர்ந்த புல்லை அடி மண்ணோடு தகடு போலச் சீவி எடுத்தது. முக்கால் அங்குல மண்தான் கூட வரும். அதற்குக் கீழே ஓடிய வேரெல்லாம் அறுபட்டு அங்கேயே தங்கிவிடும். மேலே பச்சையாக இருப்பதைப் பார்த்து, வளர்ந்த புல் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பறித்துக் கொண்டுவந்த நாற்று முடி.

நாற்றை நட்டால் என்ன செய்கிறோம்? முதலில் சோர்ந்து, வெளுத்து, ஒரு வாரம் பத்து நாளில் புது வேர் விட்டுப் பச்சை பிடிக்கிறது. அதுவரை அதைத் தொந்தரவு செய்வதில்லை. பத்தைக்கும் அதே கணக்குத்தான். பத்து முதல் பதினான்கு நாளில் புது வேர் அடி மண்ணைப் பிடிக்க ஆரம்பிக்கும். ஆழமாக இறங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த நாற்பது நாள் பாடுபட்டால் பிறகு கவலை குறைவு. அருகம்புல் ஒரு தடவை வேரோடிவிட்டால் அதை அழிப்பதுதான் கஷ்டம் என்பது வரப்பு வெட்டும் உங்களுக்குத் தெரியாததா? அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துவதே அதனால்தானே.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போகும் குழல்கள் இருக்கின்றன. இலை வழியாகப் போகும் காற்று வேர் நுனி வரை இறங்கும். அதனால் தேங்கிய தண்ணீரிலும் நெல் வேர் மூச்சு விடுகிறது. தரைப் புல்லின் வேர், மண்ணில் உள்ள சந்து பொந்துகளில் இருக்கும் காற்றை நம்பித்தான் வாழ்கிறது. அந்தச் சந்தெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். பெரியவர் கொண்டுவந்த பத்தையின் அடி கறுத்து நாறியது இதனால்தான். சுருக்கமாகச் சொன்னால், பத்தையை நாற்றாக நினையுங்கள், ஆனால் நெல் நாற்றாக நினைக்காதீர்கள். ஈரம் வேண்டும். தேக்கம் கூடாது.

எந்தப் புல், எந்த மாதம்?

நல்ல வெயில் படும் இடமானால் அருகம்புல்லே போதும். வெளிநாட்டார் பெர்முடா புல் என்று சொல்வது நம் அருகைத்தான். தரைக்கென்று தேர்ந்தெடுத்த மெல்லிய இலை ரகங்கள் நர்சரியில் கிடைக்கும். கொரியன் புல் மெத்தைபோல இருக்கும், ஆனால் மெதுவாக வளரும். இடம் விட்டுப்போனால் அது மூடுவதற்கு நாளாகும். மர நிழல் விழும் இடத்தில் அருகு நிற்காது. அங்கே அகல இலையுள்ள எருமைப் புல் ஓரளவு தாங்கும். அடர்ந்த நிழலில் எந்தப் புல்லுக்கும் செலவு செய்யாதீர்கள்.

மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் பதிக்காதீர்கள். வேர் பிடிக்காத பத்தை வெள்ளத்தில் மிதக்கும். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி இல்லாவிட்டாலும் நாலு நாள் அடைமழை போதும். அக்கினி நட்சத்திரத்திலும் வேண்டாம். பத்தையின் ஓரம் ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடும். தை, மாசி நல்லது. ஆடியும் ஆவணி முன்பாதியும் நல்லது. ஆவணி முதல் வாரம் பதித்தால் பெருமழைக்கு முன்பாக நாற்பது நாள் முடிந்துவிடும்.

தரையைப் பண்படுத்துதல்

புது வீட்டைச் சுற்றி இருப்பது மண் அல்ல. செங்கல் துண்டு, ஜல்லி, சிமெண்ட் பால், பூச்சு மணல் எல்லாம் கலந்த குப்பை. மேலே கொஞ்சம் செம்மண்ணைத் தூவி அதன் மேல் பத்தையைப் பரப்பிவிட்டால் வேர் எங்கே போகும்?

முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லும் சுண்ணாம்பும் பொறுக்கி எடுங்கள். கோரைக் கிழங்கு இருந்தால் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். பிறகு பதினைந்து நாள் வெயிலில் காயப் போடுங்கள். குழி ஒன்றுக்கு, அதாவது 144 சதுர அடிக்கு, 50 கிலோ நன்றாக மக்கிய எருவும் 400 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுக் கலக்குங்கள். மக்காத சாணம் போட்டால் சூடு கிளம்பும், கரையானும் வரும்.

நம்முடைய களிமண்ணில் மணல் கொஞ்சம் கலந்தால் இளகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் மணல் கலந்த களி, காய்ந்தால் செங்கல்லாக இறுகும். மண்ணை இளக்குவது எருதான். தண்ணீரைக் கட்டித் தொழி கலக்குவதும் கூடவே கூடாது. சேறு கலக்குவது நெல்லில் தண்ணீர் கீழே இறங்காமல் இருப்பதற்காக. இங்கே தண்ணீர் இறங்க வேண்டும்.

தரை சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு அங்குலம் உயரமாக இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே பத்து அடிக்கு ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் சரிவு கொடுங்கள். சரிவின் கடைசியில் ஒரு சிறு வடிகால் எடுத்துவிட்டால் போதும். பிறகு தண்ணீர் தெளித்து, பரம்புப் பலகை இழுத்துச் சமன் செய்யுங்கள். கால் வைத்தால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது.

பத்தை வாங்குவதும் பதிப்பதும்

பத்தை அன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும். அடுக்கி வைத்த பத்தைக்குள் கையை விட்டுப் பாருங்கள். வைக்கோல் போரின் நடுவில் போல வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம். உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறுத்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தரையில் இருக்க வேண்டும். வண்டி வரும் நாளில் ஆளும் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். இறக்கிய பத்தைகளை நிழலில் வைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள்.

பத்தையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை வேர் தெரிந்தால் நல்லது. கோரைக் கிழங்கு இருந்தால் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

செங்கல் கட்டுவதுபோல் வரிசைக்கு வரிசை இணைப்பு மாறி வருமாறு பதியுங்கள். இரண்டு பத்தைக்கு நடுவில் இடைவெளி கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. இணைப்புகளில் சலித்த மண்ணும் எருவும் கலந்து தூவி விரலால் அழுத்துங்கள். பதித்த பத்தையின் மேல் நேராக நிற்காமல் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். கடைசியில் லேசான உருளை ஓட்டுங்கள். உருளை இல்லாவிட்டால் பலகையை அங்கங்கே வைத்து மிதித்துவிடலாம். பத்தையின் அடி, மண்ணோடு ஒட்ட வேண்டும். நடுவில் காற்று நின்றால் அந்த இடத்தில் வேர் இறங்காது.

தண்ணீர்

பதித்து முடித்த அரை மணிக்குள் முதல் தண்ணீர். குழிக்கு 14 குடம், 15 லிட்டர் குடக் கணக்கில். பத்தையும் அதன் கீழே மூன்று நான்கு அங்குல மண்ணும் நனைய வேண்டும். ஒரு மூலையைத் தூக்கி விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு கணக்கு இப்படி:

முதல் 10 நாள்: காலை ஒரு தடவை, நடுப்பகலுக்குப் பின் ஒரு தடவை. தடவைக்குக் குழிக்கு 3 குடம். சூடான மேல்காற்று அடித்தால் இடையில் ஒரு தெளிப்பு. பூவாளியால் தெளியுங்கள், குழாயைத் திறந்து பாய்ச்சாதீர்கள்.

11 முதல் 20-ஆம் நாள் வரை: காலையில் ஒரு தடவை மட்டும், 5 குடம்.

21 முதல் 40-ஆம் நாள் வரை: இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, 9 குடம்.

அதற்குப் பிறகு: மழை இல்லாத வாரத்தில் மொத்தம் 22 குடம். அதை இரண்டு தடவையாகப் பிரித்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, பிறகு நிறைய, ஆனால் நாள் விட்டு. ஏன் இப்படி? ஆரம்பத்தில் வேர் முக்கால் அங்குல மண்ணில்தான் இருக்கிறது. அது காய்ந்தால் புல் செத்தது. வேர் இறங்கத் தொடங்கியபின் மேல் மண்ணைக் கொஞ்சம் காயவிட வேண்டும். அப்போதுதான் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். ஐம்பது நாளும் மேலாகவே தெளித்துக்கொண்டிருந்தால் வேரும் மேலாகவே நிற்கும். முதல் சித்திரை வெயிலில் கருகிவிடும்.

மழை பெய்த நாளில் தண்ணீர் வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்குமேல் தெளிக்காதீர்கள். இலை இரவு முழுதும் ஈரமாக இருந்தால் நோய் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடலோரத்தில், பூம்புகார், தரங்கம்பாடி, திருமுல்லைவாசல் பக்கம் இருப்பவர்கள் போர் தண்ணீரைப் பரிசோதனை செய்து பாருங்கள். வளர்ந்த அருகு, நெல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பைத் தாங்கும். ஆனால் வேர் அறுபட்ட பத்தைக்கு அந்தச் சக்தி கிடையாது. முதல் இருபது நாளாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

"பயிருக்கே தண்ணி இல்லே, புல்லுக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்க முடியவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு குழிக்கு மேல் வீட்டில் புல் பதிக்காதீர்கள். வேர் பிடித்தபின் இரண்டு குழிக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் இடத்தில் நாலு தென்னையோ முருங்கையோ வையுங்கள்.

உரம்

முதல் முப்பது நாள் யூரியா கூடாது. வேர் இல்லாத புல்லுக்கு யூரியா போடுவது, காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கல்யாண விருந்து போடுவதுபோல. தரை தயாரிக்கும்போது போட்ட எருவும் பாஸ்பேட்டுமே போதும்.

பெரியவர் போட்டது இரண்டு கிலோதான். "ரெண்டு கிலோ ஒரு உரமா சார்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு குழிக்கு இரண்டு கிலோ என்றால், மாவுக்கு 100 கிலோ. ஏக்கருக்கு 300 கிலோ. 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஆறரை மூட்டைக்கு மேல், அதுவும் ஒரே தடவையில். "நெல்லுக்கு இப்படிப் போடுவீர்களா ஐயா?" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். சிறிய இடத்தில் கை அளவு தெரியாமல் போவது எல்லாருக்கும் வரும் தவறு. தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும்.

ஐந்தாம் வாரம் குழிக்கு 70 கிராம் யூரியா. அதைப் பத்துப் பங்கு காய்ந்த மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். பிறகு வளர்ச்சியைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். மக்கிய எருவைச் சலித்துத் தை மாதத்தில் மெல்லத் தூவினால் மேடுபள்ளமும் சரியாகும்.

முதல் வெட்டு

எப்போது வெட்டலாம்? நாள் கணக்கைவிடப் புல்லையே கேட்பது நல்லது. பத்தையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் வேர் பிடிக்கவில்லை. இழுத்தும் வராமல் பிடிவாதம் பிடித்தால் வேர் இறங்கிவிட்டது. மூன்று நான்கு இடத்தில், முக்கியமாக ஓரங்களில், இப்படிப் பாருங்கள். எல்லா இடத்திலும் பிடித்தபிறகே வெட்டு.

முதல் வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலைதான் புல்லுக்கு அடுப்பு. அங்கே சமைத்த சாப்பாடுதான் வேருக்குப் போகிறது. ஒரேயடியாக மொட்டை அடித்தால் வேர் பட்டினி. அருகை ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்திருப்பது புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சுலபம்.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், புல் காய்ந்திருக்க வேண்டும். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெசவு ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் புல் வெட்டும் இயந்திரத்தை அமைத்தார். துணியில் இழை பிய்ந்தால் எப்படியிருக்கும் என்று நம் கூறைநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழுங்கிய கத்தி புல்லைப் பிய்க்கும். நுனி வெளுத்து, நோய்க்கு வாசல் திறந்துவிடும். இரண்டு குழிக்கு இயந்திரம் வாங்க வேண்டாம். வேலி வெட்டும் நீண்ட கத்தரிக்கோலும், நன்றாகத் தீட்டிய அரிவாளும் போதும்.

மஞ்சள் கண்டால்

மஞ்சள் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் குனிந்து பாருங்கள்.

இலை நீலம் கலந்த சாம்பல் நிறமாகி, மிதித்த தடம் அப்படியே நின்றால் தாகம். தண்ணீர் கொடுங்கள்.

அடி கறுத்து வாடை வந்தால் தண்ணீர் அதிகம். இரண்டு நாள் நிறுத்தி வடிய விடுங்கள்.

இணைப்பு ஓரம் மட்டும் காய்ந்தால் அங்கே மண் போதவில்லை. சலித்த மண் தூவுங்கள்.

கை வீசிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கருகினால் உரச் சூடு. நிறையத் தண்ணீர் தெளித்து வடியவிட்டு, பொறுத்திருங்கள்.

வட்ட வட்டமாகப் பழுத்துப் பரவினால் பூஞ்சாண நோய். நெல்லில் இலையுறைக் கருகல் உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சாணமே புல்லிலும் வரும். சாயங்காலத் தண்ணீரை நிறுத்தி, வெட்டிய புல்லை அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரே இரவில் மேய்ந்ததுபோல் ஆனால் படைப்புழுவாக இருக்கலாம். நாற்றங்காலில் கூட்டமாக வந்து தின்னும் அதே புழுதான் தரைப் புல்லையும் தின்கிறது. பகலில் அடியில் ஒளிந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து ஒரு சதுர அடியில் ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வரும். பொறுக்கி எடுங்கள். கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதிகமாக இருந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

குருணை மருந்தும், நெல்லுக்கு அடிக்கும் பூச்சி மருந்தும் வீட்டு வாசலில் கூடவே கூடாது. மருந்துப் பையில் முக்கோணம் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது. வயலில் போட்டால் நாம் கரையேறி வந்துவிடுகிறோம். வாசலில் போட்டால் குழந்தை அதன்மேல் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. கோழி குருணையை அரிசி என்று கொத்துகிறது. பசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து மேய்கிறது. இரண்டு குழிப் புல் போனால் திரும்பப் பதிக்கலாம்.

களைக்கொல்லியும் வேண்டாம். பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவை புல்லினக் களையை முளையிலேயே அடக்க வந்தவை. நீங்கள் காப்பாற்ற நினைப்பதும் புல்லினம்தான். களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிப் புல்லுக்கு அடிப்பதும் தவறு. சரியாகக் கழுவாத டாங்கில் ஒட்டியிருப்பதே போதும், புல்லைக் கெடுக்க. கோரை எட்டிப் பார்த்தால் முதல் இருபது நாள் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடித்து இழுத்தால் பத்தை கிளம்பும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். வேர் பிடித்தபின் மெல்லிய களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்கலாம்.

கடைசியாக, ஆடும் மாடும். வேர் பிடிக்காத பத்தையை ஆடு கடித்து இழுத்தால் பத்தையே கையோடு வந்துவிடும். நாற்பது நாளைக்கு மூங்கில் படல் கட்டி அடையுங்கள். மனிதர்களும் முதல் இருபது நாள் மிதிக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளை நிறுத்த வேறு இடம் பாருங்கள்.

பெரியவர் வீட்டுப் புல்

பெரியவர் அழுகிய பத்தையை எடுத்துவிட்டு, வரப்பை வெட்டிவிட்டு, மண்ணை ஆற விட்டார். குருணைப் பையைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தார். ஆவணி முதல் வாரம் புதிதாகப் பதித்தார். இரண்டாம் தடவையும் செலவு செலவுதான். அந்தக் காசு அவருக்குத் திரும்பி வராது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேன். பதினாறாம் நாள் போன் செய்து, "இழுத்துப் பார்த்தேன் சார், வரமாட்டேங்குது" என்றார். நடவு பச்சை பிடித்த நாளில் வரப்பில் நிற்கும் விவசாயியின் குரல் அது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பொட்டலம் இல்லை. "பேரன் பாயிலே விட்டா நிக்க மாட்டேங்கிறான் சார், தவழ்ந்து புல்லுக்குத்தான் போறான்" என்றார். வேப்பமரத்தடியில் மட்டும் ஒரு மூலை சொட்டையாகவே இருக்கிறதாம். அங்கே நிழல். எத்தனை தடவை பதித்தாலும் அருகு வராது. கல் பாவிவிட்டு ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லி அனுப்பினேன்.

சந்தேகம் இருப்பவர்கள் உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ வாருங்கள். வரும்போது ஒரு சாண் பத்தையை அடி மண்ணோடு காகிதத்தில் சுற்றிக் கொண்டு வாருங்கள். மருந்து வாங்குவதற்கு முன்பாக வாருங்கள்.